நாகம்மாவின் முதுகு

செகந்திராபாத்தை அடுத்த போலாரத்தில் ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் ஹம்சா கம்ப்யூட்டர் டீச்சர். ஒருநாள் மதியம் ஆசிரியர் அறையில் அவள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது, சயன்ஸ் எடுக்கும் ஷோபா தன் போனை முன்னால் நீட்டினாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். இந்த எண்ணெய் உங்களுக்கு யூஸ் ஆகுமான்னு பாருங்க. ரிவ்யூ எல்லாம் நல்லா இருக்கு.”

தப்பாக நினைக்க வேண்டாம் என்று ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்பது ஹம்சாவுக்கு மனப்பாடம். கற்றாழை, வேப்பிலை, கழுதைப்பால், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு சாமியார். அவளுக்குச் சொரியாசிஸ் வந்து பல வருடங்கள் ஆகின்றன. முழங்கையிலும் புறங்கையிலும் தோல் சிவந்து தடித்து வெள்ளைச் செதிலாக உதிரும். ஒட்டுகிற நோய் இல்லை. இதை அவள் எத்தனை பேருக்கு எத்தனை மொழியில் சொல்லியிருக்கிறாளோ, அவளுக்கே தெரியாது. மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனை வாங்கினாள்.

திரையில் இரண்டு படங்கள். இடப்பக்கம் ஒரு பெண்ணின் முதுகு. தோளிலிருந்து இடுப்புவரை சிவப்புத் திட்டுகள். வலப்பக்கம் வழவழவென்று இன்னொரு முதுகு. நடுவில் ஒரு பச்சைப் புட்டி. ஏழே நாளில் என்று கொட்டை எழுத்து.

இடப்பக்கத்து முதுகு நாகம்மாவுடையது.

பின்னால் தொங்கிய மஞ்சள் திரைச்சீலையை ஹம்சாவுக்குத் தெரியும். மெட்டுகூடாவில் நாகம்மா வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் இருப்பது. அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதும் தெரியும். எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், நாகம்மா போனை ஓர் ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்துத் தானே எடுத்த படம். அதனால் கொஞ்சம் கோணலாக இருந்தது. விளம்பரக்காரர்கள் அதை நிமிர்த்தி, சிவப்பை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கியிருந்தார்கள்.

ஹம்சாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. டப்பாவை மூடி வைத்தாள்.

“அப்படி ஒண்ணும் சைட் எஃபெக்ட் இருக்காது மேடம்,” என்றாள் ஷோபா.

*

ஹம்சாவின் அப்பா குஷாய்குடாவில் பெரிய அரசு எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர். திருச்சிப் பக்கத்துக் குடும்பம் என்றாலும் ஹம்சா பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தெலுங்கில் சண்டை போடுவாள், உருதுவில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவாள், தமிழில் திட்டுவாள். அப்பா கட்டிய வீட்டில் அவளும் கணவர் சீனிவாசனும் இருந்தார்கள். காலையில் அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் படுக்கை விரிப்பை ஒரு சின்னத் துடைப்பத்தால் கூட்டி, உதிர்ந்த செதிலையெல்லாம் பழைய பேப்பரில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள். “நான் பண்ணா என்ன?” என்று அவர் கேட்டுப் பார்த்தார். விடமாட்டாள்.

பரிதாபம் அவளுக்குப் பிடிக்காது. அருவருப்பு பழகிப்போயிருந்தது. ஒருமுறை ஒரு பையனின் அம்மா பள்ளிக்கு வந்து, லேபில் ஹம்சா தொடுகிற கீபோர்டைத் தன் மகன் தொடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். பிரின்சிபால் ஹம்சாவைக் கூப்பிட்டு மிகவும் அன்பாகப் பேசி, ஒரு ஜோடி ரப்பர் கையுறையை மேசைமேல் வைத்தார். ஹம்சா அதை எடுத்துக்கொள்ளவில்லை. வேலையையும் விடவில்லை. அந்தப் பையன் வந்து உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினாள்.

நாகம்மாவைச் சந்தித்தது செகந்திராபாத்தில் ஒரு தோல் டாக்டரின் காத்திருப்பு அறையில். அங்கே வருகிறவர்கள் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில்தான் உட்காருவார்கள். நாகம்மா நேராக வந்து ஒட்டி உட்கார்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி, “உனக்கும் அதானா? எங்கெங்க இருக்கு?” என்றாள். லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி. மகன் புனேயில். தனியாக இருந்தாள். அவளுடைய அந்தக் கேள்வி ஹம்சாவை முதலில் கூச வைத்து, பிறகு சிரிக்க வைத்தது. அன்று அதே அறையில் இன்னும் இரண்டு பேர் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். மனைவி ஜெஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த டேனியல், ராணுவ அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த யோகேஷ், தலை முழுக்கச் செதிலோடு தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த வாலிபன்.

இப்படித்தான் அந்தக் குழு உண்டாயிற்று. எல்லாரும் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில், வெளியாட்கள் பார்க்க முடியாத தனிக் குழு. என்ன பெயர் வைக்கலாம் என்று ஹம்சா கேட்டபோது, “கைக்கு? எதுக்கு அழகா வைக்கணும்? என்ன இருக்கோ அதையே வை,” என்றாள் நாகம்மா. பெயர் செதில். ஹம்சாவும் யோகேஷும் அதைக் கவனித்துக்கொண்டார்கள். ஒருவர் சொல்லி ஒருவராகச் சில நூறு பேர் சேர்ந்தார்கள். யாரும் யாருக்கும் பரிதாபப்படக் கூடாது, யாரும் எண்ணெய் விற்கக் கூடாது என்று இரண்டே விதிகள். மனிதர்கள் வேறெங்கும் காட்டாததை அங்கே காட்டினார்கள். கல்யாணமாகாத பெண்கள் காலைக் காட்டினார்கள். கோவில் குருக்கள் ஒருவர் தன் மார்பைக் காட்டினார். நாகம்மா முதுகைக் காட்டி, “ஓரத்துல கறுத்துப் போகுது, இது ஆறுதா, ஜாஸ்தி ஆகுதா?” என்று கேட்டாள்.

அந்த முதுகுதான் இப்போது ஷோபாவின் போனில் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தது.

*

சாயங்காலம் ஹம்சா ஸ்கூட்டரை நேராக மெட்டுகூடாவுக்கு விட்டாள். நாகம்மாவுக்கு வேறு யாராவது காட்டுவதற்கு முன்னால் தானே காட்டிவிடுவது நல்லது.

நாகம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“ரைட் சைட்ல இருக்கிற முதுகு யாரோடது?”

“தெரியலைக்கா. யாரோ மாடலா இருக்கும்.”

“நல்லா இருக்கு.” போனைக் கவிழ்த்து வைத்தாள். “ஹம்சா, என் வீட்டுக்காரர்கூட என் முதுகை வெளிச்சத்துல பார்த்ததில்லம்மா.”

எழுந்துபோய்ப் படுக்கையறை ஜன்னலிலிருந்து அந்த மஞ்சள் திரைச்சீலையைக் கழற்றி, சுருட்டி, குப்பைக் கூடையில் போட்டாள்.

ஹம்சா வலைத்தளத்துக்குப் புகார் எழுதினாள். எங்கள் விதிகளுக்கு முரணாக எதுவும் இல்லை என்று உடனே பதில் வந்தது. மனிதர் யாரும் படித்திருக்க முடியாத வேகம். போலீஸில் சொல்லலாம் என்று டேனியல் ஹம்சாவையும் நாகம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “முகம் தெரியலையே. இது இந்தம்மா முதுகுதான்னு நாங்க எப்படி நம்பறது?” என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, நாகம்மாவின் தோளை ஒரு தடவை பார்த்தார். நாகம்மா எழுந்து வெளியே வந்துவிட்டாள். ஹம்சாவுக்கு வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும்போல இருந்தது.

*

படத்தை வெளியே கொண்டுபோனது குழுவில் திருட்டுப் பெயரில் நுழைந்த எவனோ எண்ணெய்க் கம்பெனி ஆள்தான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். இனிமேல் அங்கே இருக்கக் கூடாது, நமக்கென்று சொந்தமாக ஒரு விவாத மன்றம் வேண்டும் என்றாள் ஹம்சா. அதற்கு ஏற்ற மென்பொருளைத் தேடும் வேலை அவள் தலையில் விழுந்தது.

சுலபம் என்றுதான் நினைத்தாள். உலகத்தில் மனிதர்கள் இணையத்தில் கூடிப் பேசத் தொடங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. இதற்குக் கூடவா நல்லதாக ஒன்று இருக்காது என்று நினைத்தாள்.

முதலில் ஓர் இலவச மன்றம். ஒரு காசு வேண்டாம், பெயர் கொடுத்தால் போதும், அவர்களே இடம் தருவார்கள். சோதனைக்குத் தன் முழங்கையைப் படமெடுத்துப் போட்டு, சொரியாசிஸ் பற்றி நாலு வரி எழுதினாள். பக்கத்தைத் திறந்ததும் எழுத்துக்கு இரண்டு பக்கமும் விளம்பரம். ஒரு பக்கம் முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம். இன்னொரு பக்கம் அதே பச்சைப் புட்டி. நாகம்மாவின் முதுகு. ஹம்சா லேப்டாப்பை அணைக்காமல் மூடியைத் தட்டி மூடினாள்.

அடுத்தது, எல்லாரும் சொல்லும் அரட்டைச் செயலி ஒன்று. பேச்சு அருவி மாதிரி கொட்டி ஓடிக்கொண்டே இருந்தது. காலையில் ஒருவர் ஊசி மருந்தைப் பற்றி நல்லதாக நாலு விஷயம் எழுதினால், மத்தியானத்துக்குள் அது குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு அடியில் போய்விடும். கத்திரிக்காய் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு இனி ஆயுள் முழுக்கத் தினமும் பதில் சொல்ல வேண்டியதுதான்.

இன்னொன்றில் எல்லாம் நன்றாக இருந்தது, தேடலைத் தவிர. ‘கை’ என்று தமிழில் தேடினால் ககரம் இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டியது. வேறொன்று போன் நம்பர் இல்லாமல் உள்ளேயே விடவில்லை. கூடவே, பயனரின் போனில் இருக்கும் மற்ற எல்லா நம்பர்களையும் கேட்டது. எதற்கென்று சொல்லவில்லை.

இந்த வேலையில் ஹம்சா தனக்கென்று ஒரு சோதனை கண்டுபிடித்துக்கொண்டாள். மன்றத்துக்குள் ஒரு படத்தைப் போடுவாள். அந்தப் படத்தின் இணைய முகவரியை மட்டும் நகலெடுத்து, மன்றத்தில் சேராத சீனிவாசனின் போனுக்கு அனுப்புவாள். அவர் கூடத்தில் உட்கார்ந்தபடியே அதைத் தட்டிப் பார்ப்பார்.

“தெரியுதா?”

“நல்லாத் தெரியுது. உன் முழங்கை.”

பிறகு அந்தப் படத்தை நீக்குவாள். கணக்கையே அழிப்பாள். உங்கள் தகவல்கள் யாவும் நீக்கப்பட்டன, உங்களை இழந்ததில் வருந்துகிறோம் என்று மென்பொருள் சொல்லும்.

“இப்ப?”

“இப்பவும் தெரியுது.”

இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல. பூட்டு என்று படம் போட்டிருந்த இடத்திலெல்லாம் கதவே இல்லை. தனியுரிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தவர்கள்தான் அதில் மோசம். மனிதர்கள் தோலைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார்களே, இந்த வியாபாரத்தை உரித்துப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் யோகேஷ் சொன்னான்:

“அக்கா, எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனி இருக்கு. பேஷன்ட்ஸ் கம்யூனிட்டிக்குன்னே ப்ளாட்ஃபார்ம் பண்றாங்க. மனோஜ்னு நம்ம ஆளுதான், செகந்திராபாத் தமிழ். ஃப்ரீயாவே தராங்க. ஒரு தடவை டெமோ பாருங்கக்கா.”

“ஃப்ரீன்னா ஏன் ஃப்ரீ?”

“சர்வீஸ் மைண்ட் அக்கா. வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க.”

*

மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடம். ஹம்சா, டேனியல், யோகேஷ் மூவரும் போனார்கள். நாகம்மா வரவில்லை; அவள் இப்போதெல்லாம் கடைக்குப் போவதோடு சரி.

மனோஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு அவ்வளவு இதமாக இருந்தது. ஜெஸ்ஸிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று டேனியலிடம் பெயர் சொல்லி விசாரித்தான். ஹம்சா பள்ளியில் பட்ட கஷ்டமெல்லாம் யோகேஷ் சொல்லியிருக்கிறான் என்றான். கம்பெனியின் பெயர் அச்சடித்த வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் எல்லாருக்கும் காபி வந்தது. சுவரிலிருந்த பெரிய திரையை உயிர்ப்பித்தான்.

“இதுதான் மேடம் உங்க ஹோம். சும்மா சாம்பிளுக்குப் போட்டிருக்கோம்.”

மேலே செதில் என்று அழகான எழுத்து. தலைப்புகள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தன. உணவு, மருந்து, குளிர்காலம், வீட்டார். தேடலில் ‘கை’ என்று அடித்தான்; கை மட்டும் வந்தது. இத்தனை நாள் அலைந்ததற்கு இதைப் பார்க்க ஹம்சாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எதற்காகச் சந்தேகப்பட்டோம் என்றுகூட நினைத்தாள்.

மனோஜ் ஒரு தலைப்பைத் திறந்தான்.

ஓரத்துல கறுத்துப் போகுது, இது ஆறுதா, ஜாஸ்தி ஆகுதா?

கீழே மஞ்சள் திரைச்சீலை. கோணலான முதுகு. யாரும் நிமிர்த்தாத படம்.

“இது எப்படி இங்க வந்தது?” என்றாள் ஹம்சா.

“யோகேஷ்தான் உங்க குரூப்பை அப்படியே டவுன்லோட் பண்ணிக் கொடுத்தார் மேடம். ரியல் டேட்டா இருந்தா டெமோவுக்கு உயிர் வரும். மாத்தும்போதும் ஈஸி. எல்லாப் பழைய போஸ்ட்டும் ரெடியா இருக்கு பாருங்க.”

யோகேஷ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனோஜுக்கு எதுவும் உறைக்கவில்லை. எது உறைக்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை போலிருந்தது. “இது உங்க சைடு. எங்க பார்ட்னர்ஸ் சைடு இன்னும் பவர்ஃபுல். உங்களுக்கு இது ஃப்ரீயா கிடைக்கறதே அவங்களாலதான்,” என்று இன்னொரு பொத்தானை அழுத்தினான். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சிறு கட்டம். நாகம்மாவின் கட்டத்தில் இப்படி இருந்தது: தனியாக வாழ்பவர். டாக்டர் மருந்தில் நம்பிக்கை குறைவு. மனநிலை தளர்ச்சி. எண்ணெய், மூலிகை வாங்கும் வாய்ப்பு மிக அதிகம்.

பக்கத்தின் அடியில் பார்ட்னர்களின் சின்னங்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது, அந்தப் பச்சைப் புட்டி.

“இந்த டெமோவை அவங்களுக்கும் காட்டினீங்களா?” டேனியல் கேட்டார்.

“எல்லா பார்ட்னர்ஸுக்கும் ஆக்சஸ் கொடுத்திருக்கோம் சார்.”

“படத்தோடவா?”

“படம்தான் சார் என்கேஜ்மென்ட்டே. அதைத்தானே எல்லாரும் நின்னு பார்க்கறாங்க.”

ஹம்சா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். திட்ட வேண்டும் என்று நினைத்தாள். நாகம்மாவின் முதுகில் இருப்பதை அவள் கையால் தொட்டு மருந்து போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் ஒன்றும் தோன்றியதில்லை. இந்தக் குளிரூட்டிய, நறுமணம் தெளித்த அறையில் மூச்சுவிடப் பிடிக்கவில்லை.

“அந்தம்மாவோட எல்லாத்தையும் அழிங்க. எல்லாரோடதையும். இப்பவே, என் கண்ணு முன்னால.”

மனோஜ் புன்னகை மாறாமல் தலையாட்டினான். “ஷ்யூர் மேடம், டீம்கிட்ட சொல்றேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க.” காபிக் கோப்பைகளை எடுக்க வந்த பெண் டேனியலுடையதை எடுத்தாள், யோகேஷுடையதை எடுத்தாள். ஹம்சாவுடையதைத் தொடுவதற்கு முன் மனோஜைப் பார்த்தாள். மனோஜின் கண் ஹம்சாவின் புறங்கையில் ஒரு நொடி தங்கியது.

“அந்த மக் நீங்களே வெச்சுக்கோங்க மேடம். கம்பெனி கிஃப்ட்,” என்றான்.

ஹம்சா கோப்பையை எடுத்து, மிச்சமிருந்த காபியை நிதானமாகக் குடித்தாள். பிறகு அதை அவனுடைய கீபோர்டின்மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

*

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யோகேஷ் ஓடிவந்து முன்னால் நின்றான்.

“அக்கா, சத்தியமா விளம்பரத்துல வரும்னு தெரியாது. பேரெல்லாம் எடுத்துடணும்னு சொல்லித்தான் கொடுத்தேன்.”

“பேரை எடுத்துட்டா முதுகு யாரோடதுடா?” என்றாள் ஹம்சா.

“ஜீடிமெட்லால கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சுக்கா. கம்யூனிட்டி மேனேஜர் போஸ்ட் தரேன்னாங்க. இந்தத் தலையை வெச்சுக்கிட்டு எந்த இன்டர்வியூக்குப் போனாலும் தொப்பியைக் கழட்டுன்றாங்க. இவங்க ஒருத்தங்கதான் சொல்லல.”

“நீ மனுசந்தானாடே?” டேனியல் சத்தமாகவே கேட்டார். “நாகம்மாக்கா வீட்ல உக்காந்து எத்தன நாளு சோறு தின்னிருக்க? போலீஸ் ஸ்டேஷனுக்கு நாங்க போனமே, அன்னைக்காவது உனக்கு வாயத் தொறக்கத் தோணலையா? எவனோ எண்ணெய்க்காரன்னு எங்களோட சேந்து நீயும் தேடுனியே!”

யோகேஷ் அழுதான். அது ஹம்சாவுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. அவன் தொப்பியின் விளிம்பில் செதில் ஒட்டியிருந்தது. எத்தனையோ தடவை அவளே தட்டிவிட்டிருக்கிறாள். இன்று கை எழவில்லை. தனக்கு அவனைத் தொட அருவருப்பாக இருக்கிறது என்று உணர்ந்ததும், தன்னைத் தொட மறுத்தவர்கள் முகமெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அவர்களைப் போலத் தானும் ஆகிவிட்டோமோ என்று ஒரு கணம் பதறினாள். இல்லை, இது வேறு, இது தோலுக்கு அல்ல என்று தனக்குள் அழுத்திச் சொல்லிக்கொண்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பும்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

நாகம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள்.

“மீன் கொழம்பு வெச்சா டப்பால போட்டுக் கொடுத்து அனுப்புவேன் அவனுக்கு,” என்றாள்.

*

அதன் பிறகு ஹம்சா மென்பொருள் தேடிய விதம் மாறிப்போனது. அழகு வேண்டாம், இலவசம் வேண்டாம், அன்பான பேச்சு சுத்தமாக வேண்டாம். உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கும்படி வைத்திருந்த ஒரு பழைய மன்ற மென்பொருளை எடுத்தாள். பார்க்கப் பழைய ரேஷன் கார்டு மாதிரி இருந்தது. சாம்பல் நிறக் கட்டங்கள், சின்ன எழுத்து. அதை நிறுவுவதற்கு வாடகைக்கு ஒரு சர்வர் எடுக்க வேண்டும். அதைத் தானே பராமரிக்க வேண்டும். டேனியலும் இன்னும் சிலரும் வாடகையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு மல்லுக்கட்டினாள். முதலில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வந்தது. அதைச் சரிசெய்தால் மின்னஞ்சல் போகவில்லை. அது போனபோது படங்கள் வரவில்லை. ஒரு வழியாக எல்லாம் கூடிவந்ததும், தன் முழங்கையைப் போட்டு, முகவரியைச் சீனிவாசனுக்கு அனுப்பினாள்.

“தெரியுதா?”

“தெரியுது.”

ஹம்சா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொன்றாகப் படித்து, ஓர் இடத்தில் மாற்றினாள்.

“இப்ப?”

“வரலை. அனுமதி இல்லைன்னு வருது.” அவர் இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். “நிஜமாவே வரலை ஹம்சா.”

படத்தை நீக்கினாள். சர்வரில் போய்ப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு பொருள் தான் சொன்னதைச் செய்திருந்தது. நிர்வாகிகளும் மொத்தமாக எதையும் இறக்கிக்கொள்ள முடியாதபடி அந்த வழியையும் அடைத்தாள். யார் எதைத் திருத்தினாலும் திருத்தியது எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாள், தான் திருத்தினாலும்.

படம் போடும் பகுதியே வேண்டாமா என்று நாகம்மாவிடம் கேட்டாள். முடிவை அவளிடம் விடுவதுதான் நியாயம் என்று பட்டது.

“நான் போடமாட்டேன்,” என்றாள் நாகம்மா. “ஆனா வேணும். புதுசா வர்றது ஒரு சின்னப் பொண்ணா இருந்தா, தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கும். மூடி வெச்சா அது எங்க போய்ப் பார்க்கும்? அந்த எண்ணெய்க்காரன்கிட்டதான் போகும்.”

பழைய குழுவில் நடந்ததை முழுவதும் எழுதி, யோகேஷின் பெயரை மட்டும் விட்டு, புது இடத்தின் முகவரியைக் கொடுத்தாள் ஹம்சா. வந்தவர்கள் சொற்பம். பாஸ்வேர்டு மறந்துபோகிறது என்றார்கள், பார்க்க நன்றாக இல்லை என்றார்கள். நடந்ததைப் படித்துவிட்டும், பழகிய இடத்தை விட்டு எதற்கு வரவேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒருவர் அந்தப் பச்சைப் புட்டி எங்கே கிடைக்கும் என்று அங்கேயே விசாரித்தார். கேட்டவர் முதல் நாளிலிருந்து குழுவில் இருப்பவர். ஹம்சா அதைப் படித்துவிட்டு, பழைய குழுவின் நிர்வாகத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். மனோஜின் கம்பெனியிலிருந்து எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை அவள் நம்பவில்லை. விளம்பரம் கொஞ்ச நாள் காணாமல் போய், பிறகு இந்தியிலும் வந்தது.

புது மன்றம் மெல்ல நடக்கத் தொடங்கியது. கத்திரிக்காய்க்கு ஒருமுறை பதில் எழுதி மேலே குத்தி வைத்தாயிற்று. அதன்பின் யாரும் கேட்கவில்லை. ஜெஸ்ஸி ஊசி போட்டுக்கொள்ளும் அனுபவத்தை வாராவாரம் எழுதினாள். நாகம்மா வேறு பெயரில் இருந்தாள். யார் எது எழுதினாலும் முதல் ஆளாகப் பதில் எழுதுவாள்.

ஒருநாள் சேர்க்கை கேட்டு வந்தவர்களில் யோகேஷின் பெயர் இருந்தது. திருட்டுப் பெயர் எதுவும் போடாமல், சொந்தப் பெயரிலேயே கேட்டிருந்தான். காரணம் என்ற இடத்தில் ‘தலையில் ரொம்ப ஜாஸ்தி ஆகிவிட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

ஹம்சா மறுக்கும் பொத்தானின்மேல் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு, நாகம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

“என்னக்கா பண்றது?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“விடு உள்ள,” என்றாள் நாகம்மா.

“நிஜமாத்தான் சொல்றீங்களா?”

“அவனுக்கும் அரிக்குதுல்ல? ஆனா சாவி கொடுக்கறது நக்கோ, வேணவே வேணாம். படம் இருக்கற பக்கம் அவன் வரவே கூடாது. அப்புறம், என்னை மன்னிச்சுட்டீங்களான்னு எழுதினான்னா, அன்னைக்கே தூக்கிடு.”

ஹம்சா அவனைச் சேர்த்தாள். படங்கள் பகுதி அவன் கண்ணில் படாதபடி மாற்றினாள். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான்: டாக்டர் கொடுத்த ஷாம்பூவைக் குளிர்காலத்தில் தினமும் போடலாமா? அதற்கான பதில் ஹம்சாவுக்கு நன்றாகத் தெரியும். அதே ஷாம்பூவை அவள் இரண்டு குளிர்காலம் போட்டிருக்கிறாள். பதில் கட்டத்தைத் திறந்தாள். மூடிவிட்டு, மறுநாள் பாடத்துக்கான வினாத்தாளை அடிக்க உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் மதியம் ஆசிரியர் அறையில் போனைத் திறந்து பார்த்தபோது, யோகேஷின் கேள்விக்கு டேனியல் பதில் எழுதியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் போதும், கழுவியபின் தலையை நன்றாகத் துவட்டவும். விசாரிப்பு இல்லை, வாழ்த்து இல்லை. அதற்குக் கீழே யோகேஷ் நன்றி என்று எழுதியிருந்தான். ஹம்சா அதைப் படித்தாள். அந்தப் பழைய குமட்டல் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள்.